உமாஸியின் பெண்மரம்

உமாஸியை வெட்டப்போகிறார்கள் என்று என்னிடம் முதலில் சொன்னவள் பக்கத்து வீட்டு பஹாதி. குழாயடியில் என் கேன் நிறைந்துகொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தோயாம்மா, உங்க வீட்டு வெள்ளைத்தலையைக் கொஞ்ச நாள் எங்கயாவது போயிருக்கச் சொல்லுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"பேசிக்கிறாங்க. நாள் பாத்தாச்சாம்."

"யாரு பேசிக்கிறா?"

"அதெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. எனக்குப் புள்ளைங்க இருக்கு."

கேன் நிரம்பி வழிந்து என் கால் நனைந்தது. அதை மூடி தலையில் தூக்கி வைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

எங்கள் பக்கம் இந்த மாதிரி சேதி வந்தால் அது விளையாட்டில்லை. தலை நரைத்து, கொஞ்சம் நிலமும் இருந்து, கேட்க ஆளில்லாமலும் இருந்துவிட்டால் போதும். அதற்கு மேல் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வர வேண்டியதுதான் பாக்கி. சூனியக்காரி என்று பேச்சு கிளம்பிவிடும். கிளப்பியது யார் என்று தெரியாது, வெட்டியது யார் என்றும் தெரியாது. புதைக்க மட்டும் ஊர் முழுக்க வந்து நிற்கும். அதனால்தான் கடைத்தெருவில் தலைச்சாயம் விற்கிறவனுக்கு எப்போதும் நல்ல வியாபாரம். நானும் அவனிடம்தான் வாங்குகிறேன்.

உமாஸி வாங்கமாட்டாள். நாற்பது வயதுக்கு முன்பே அவள் தலை பஞ்சாக வெளுத்துவிட்டது. எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"ஒரு பாக்கெட் வாங்கித் தர்றேன், பூசிக்கடி."

"எதுக்குக்கா? என் மரமும் வெள்ளையாத்தான் பூக்குது. அதுக்கும் சேத்துப் பூசுவீங்களா?"

அவள் என் சக்களத்தி. சக்களத்தி என்றதும் தலைமுடியைப் பிடித்திழுக்கும் சண்டையை எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் ஆரம்பத்தில் நடந்தது. என் மகன் தோயா தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் என் கணவர் கெங்கா அவளைக் கூட்டிவந்தார். கெங்கா தென்னையேறிக் கள் இறக்குகிறவர். பகலெல்லாம் மரத்தின் மேலேயே இருக்கும் ஆளுக்குக் கீழே எதற்கு இரண்டு பெண்டாட்டி என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். வந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனால் வீட்டில் நான் சொன்னதற்குச் சிரித்த முதல் ஆள் அவள்தான், அதையும் சொல்ல வேண்டும்.

அவளுக்குக் குழந்தை பிறக்கவில்லை. தோயாவை முதுகில் கட்டிக்கொண்டு அவள்தான் சுற்றினாள். அவன் முதலில் பேசிய சொல் 'சித்தி'. அதற்காகவும் ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

ஊருக்கு மேலே குன்றில் இருப்பது எங்கள் கயா. எங்கள் முன்னோர் ஊராக இருந்து, பிறகு காடாகிவிட்ட இடம். செருப்புப் போட்டு உள்ளே போகக்கூடாது. சுள்ளி ஒன்றைக்கூட வெளியே எடுத்துவரக் கூடாது. கயாவுக்கு வெளியே கடல் வரைக்கும் இருந்த காடு எங்கள் கண் முன்னாலேயே போய்விட்டது. குறிப்பாக முஹுஹு மரம். அது வெட்டினால் மணக்கும், கரையான் தொடாது. வெள்ளைக்காரர்களுக்கு யானையும் ஒட்டகச்சிவிங்கியும் செதுக்கி விற்கிறவர்களுக்கு அந்த மரம்தான் வேண்டும். மிச்சம் இருப்பதெல்லாம் கயாவுக்குள்தான்.

காட்டு இலாகாக்காரர்கள் நாற்று வளர்க்கவும் கயாவைக் காவல் பார்க்கவும் உள்ளூர்ப் பெண்களைத் தேடிவந்தபோது, மற்றவர்கள் பாம்புக்குப் பயந்தார்கள், ஆவிக்குப் பயந்தார்கள். உமாஸி போனாள். சம்பளம் என்று ஏதோ கொடுத்தார்கள், உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆனது. கெங்கா செத்த பிறகும் அவள் விடவில்லை.

அந்த மரத்தில் ஒரு சங்கதி உண்டு. ஒரு மரம் பூப்பதோடு சரி, விதை பிடிக்காது. இன்னொன்று விதைக்கும். ஆண் தனி, பெண் தனி. உமாஸி வந்து இதைச் சொன்னபோது கள்ளுக்கடையில் ஒரே கும்மாளம். "அப்ப சீர் செனத்தியெல்லாம் யாருக்குக் குடுக்கறது, மாப்பிள்ளை மரத்துக்கா, பொண்ணு மரத்துக்கா?" என்று கேட்டார்கள். "உங்களுக்குக் குடுக்காம இருந்தாப் போதும், நீங்க அதையும் கள்ளா மாத்திடுவீங்க," என்றாள் அவள். கயா முழுக்கத் தேடினாள். ஆண் மரங்கள் நிறைய நின்றன. வளர்ந்த பெண் மரம் ஒன்றே ஒன்றுதான் தப்பியிருந்தது. மேட்டின் வடக்கில், நேராக, நாங்கள் இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அது போனால் எங்கள் பக்கத்தில் அந்த மரத்தின் வம்சமே போச்சு.

அதன் விதை பஞ்சு ஒட்டிய துரும்பு. பாதிக்கு மேல் பொக்கு, மீதியில் புழு. காய்ந்தால் முளைக்காது. விழுகிற நேரத்தில் கீழே துணி விரித்துப் பிடித்து, அன்றைக்கே ஊன்ற வேண்டும். அப்படி ஊன்றியதில் கைப்பிடிக்கு ஒன்றிரண்டு முளைத்தால் அவள் அன்று பாட்டே பாடுவாள். பால் பாக்கெட்டிலும் பழைய டப்பாவிலும் வைத்து, தன் குடிசைக்குப் பின்னால் தென்னோலை நிழலில் வளர்த்தாள். தோயாவின் கல்யாணத்தின்போது முளைத்த கன்று, அவனுக்கு மகள் பிறந்து நடக்க ஆரம்பித்தபோதும் என் முழங்காலைத் தாண்டவில்லை. இதற்குப் பேசாமல் மரவள்ளி நட்டிருக்கலாம் என்று நான் சொல்லாத நாள் இல்லை.

பூக்கும் சமயத்தில்தான் எது ஆண், எது பெண் என்று தெரியும். பூ உதிர்ந்தால் எல்லாம் ஒன்றுபோல் நிற்கும். அதனால் அடையாளத்துக்குத் துணி கட்டினாள். ஆண் மரத்துக்குச் சிவப்பு. பெண் மரத்துக்கு வேறு நிறம் வேண்டும் என்று கேட்டாள். நான்தான் என் பழந்துணி மூட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதில் கெங்காவின் பழைய வேட்டி இருந்தது, நான் இடுப்பில் சுற்றுகிற லெஸோத் துணிகளின் கிழிசல் இருந்தது. தோயாவின் மகளுக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் கவுனும் இருந்தது. உமாஸி அந்தக் கவுனை எடுத்துப் பெண் மரத்தில் கட்டினாள்.

உலகத்தில் வேறெங்காவது இது ஒரு தப்பா? எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய தப்பு இல்லை. ஒருவர் உடம்பில் பட்ட துணியைக் கொண்டுபோய்க் காட்டு மரத்தில் கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. எங்களுக்கு அது கந்தல்.

அந்த மழைக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. என் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார்கள், சின்ன நியேவு. கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. மோட்டார் சைக்கிளில் தூக்கிக்கொண்டு ஓடினோம். மலேரியா என்றார்கள், ஊசி போட்டார்கள். சரியாகி வீட்டுக்கு வந்தாள், திரும்பவும் காய்ச்சல் வந்துவிட்டது. மலேரியா என்பது சரி, அதை அனுப்பியது யார் என்று ஊசி போடுகிறவருக்குத் தெரியுமா என்று ஊர் கேட்டது.

தோயா குறிசொல்கிறவளிடம் போனான். கெங்காவுக்கு மனக்குறை என்றாள் அவள். அது நிஜம்தான். கெங்கா பெரியவர்கள் சங்கத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர் செத்தால் அவருக்கு மரத்தில் கட்டை செதுக்கி நட வேண்டும், கிகாங்கோ என்போம். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டோம். எனக்கும் அவர் கனவில் வந்திருந்தார். கள் குடுவையோடு வாசலில் நின்றார், கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

கட்டைக்கு முஹுஹு வேண்டும். இந்தச் சடங்குக்கு மட்டும் கயாவில் ஒரு மரம் எடுக்கலாம். கயாவைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் கோனா, ஆடு கொடுத்துவிட்டு வெட்டிக்கொள் என்றார். எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். தோயா எந்த மரம் என்று சொன்னான். வடக்கு மேட்டுப் பெரிய மரம்.

"அது வேணாம் தோயா," என்றாள் உமாஸி. "ஆண் மரம் எத்தனையோ நிக்குது. உனக்கு எது பிடிச்சிருக்கோ எடுத்துக்கோ. பெண் அது ஒண்ணுதான்."

"அப்பாவுக்கு நல்ல மரமா வேணும் சித்தி."

"உங்கப்பாவுக்கு நடுற கட்டை என் தொடை அளவுதான் இருக்கும். மிச்ச மரம் யாருக்கு? செதுக்குறவங்க லாரி ஏற்கெனவே வந்து பாத்துட்டுப் போச்சாமே?"

இதை அவள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் முன்னால் சொல்லிவிட்டாள். அவளுக்கு வாயில் எப்போதும் தாழ்ப்பாள் கிடையாது. தோயாவின் முகம் கறுத்துப்போனதைப் பார்த்தேன். கோனா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆண் மரத்தையே எடு என்று முடித்துவிட்டார்.

அடுத்த நாள் தோயா கூட்டாளிகளோடு மேட்டுக்குப் போனான். திரும்பி வரும்போது கையில் மஞ்சள் கவுன்.

"அம்மா, இது யாருது?"

"டேய், நான்தான்டா குடுத்தேன். பழந்துணி மூட்டையில கெடந்தது. அவ அடையாளத்துக்குக் கட்டினா."

"இப்படி வெளியில சொல்லாதீங்க."

"ஏன் சொல்லக்கூடாது? நெசந்தானே?"

"சொன்னா அவளுக்குத் துணி எடுத்துக் குடுத்தது நீங்கன்னு ஆகும். ஒரு வெள்ளைத்தலை ரெண்டு வெள்ளைத்தலை ஆகும்."

"என் தலை எங்கடா வெள்ளை?"

"எத்தனை பாக்கெட் வாங்கறீங்கன்னு ஊருக்கே தெரியும்மா."

சிரிக்க வேண்டிய பேச்சு. ஆனால் அவன் சித்தி என்று சொல்லவில்லை, 'அவளுக்கு' என்றான். அவன் கூட்டாளிகள் வேலியோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றது. துணியைப் பற்றி இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஐயோ பாவம், உங்களையும் மந்திரத்தால் கட்டிப்போட்டிருக்கிறாள் என்றார்கள். வெட்டப்போகிற சேதியை பஹாதி சொன்னது அந்த வாரத்தில்தான்.

நான் ஓடிவந்து உமாஸியிடம் சொன்னேன். அவள் கன்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கண்ணன் வீட்டுக்கு மலிண்டிக்குப் போயிடு. இப்பவே கெளம்பு."

"இப்பவா? இப்பதான்க்கா விதை விழப்போகுது."

"விதையாடி முக்கியம்?"

"நான் போனா மறுநாளே மரத்தை வெட்டிடுவாங்க. போனதுனாலயே சூனியக்காரின்னும் ஆயிடும். அப்புறம் நான் இருந்து என்ன, செத்து என்ன?" சொல்லிக்கொண்டே இருந்தவள் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "பயமாத்தான் இருக்கு. அதைக் கேக்காதீங்க."

போலீஸ் சாவடிக்குப் போனோம். யார் மேல் புகார் என்று கேட்டார்கள். பெயர் சொல்லத் தெரியவில்லை. ஏதாவது நடந்தால் வாருங்கள் என்றார்கள்.

நடந்தது. ஒரு காலையில் அவள் என்னைக் கூப்பிட்டாள், சத்தமே இல்லாமல். அவள் குடிசைக்குப் பின்னால், கன்றுகள் இருந்த இடத்தில், ஒரு குழி தோண்டியிருந்தது. நீளமாக. ஆள் படுக்கிற நீளம். கன்று டப்பாக்களைத் தூக்கி அதற்குள் போட்டிருந்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உமாஸி குழிக்குள் இறங்கிக் கன்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேலே வைத்தாள். எல்லாம் எடுத்த பிறகு உள்ளே நின்றபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள்.

"அளவு எடுக்கத் தெரியாத பசங்க. நான் கால மடக்கித்தான் படுக்கணும்."

சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. என் கையைப் பிடித்து மேலே ஏறியவள் அதன் பிறகு கையை விடவே இல்லை.

எங்கள் வாசலில் மண் கறுப்பு. ஆழத் தோண்டினால் சிவப்பு வரும். அன்று மதியம் தோயாவின் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் விறகு எடுக்கப் போனேன். மண்வெட்டி சாத்தியிருந்தது. அதன் இலையில் ஈரம் காயாத சிவப்பு மண்.

அங்கேயே விறகின் மேல் உட்கார்ந்தேன். நான் பெற்றவன். அவள் முதுகில் வளர்ந்தவன். அவன் தனியாகத் தோண்டவில்லை, கூட்டாளிகள் தூண்டியிருப்பார்கள், மகளைப் பற்றிய பயத்தில் செய்திருப்பான், லாரிக்காரன் ஆசை காட்டியிருப்பான் என்று ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதுவும் நிற்கவில்லை. அவனைக் கூப்பிட்டுக் கேட்கவும் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

சாயங்காலம் உமாஸி நேராகக் கோனாவிடம் போய் நின்றாள்.

"பப்பாளி வையுங்க. நான் திங்கிறேன்."

பப்பாளிச் சத்தியம் என்றால் எங்கள் ஊரில் குடிகாரனுக்கும் போதை இறங்கும். சத்தியக்காரர் மருந்து வைத்து மந்திரித்த துண்டைத் தின்ன வேண்டும். பொய் சொன்னவர்களுக்கு உதடு வீங்கும், நாக்கு தடிக்கும், தொண்டை அடைக்கும். ஆடு திருடியவன் ஒருவனுக்கு வீங்கியதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பள்ளிக்கூடத்து வாத்தியார் இதெல்லாம் மனப்பயம் என்பார். இருக்கட்டும். அவரைக் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுத்துப் பாருங்கள், தின்பாரா என்று.

கயா வாசலில் பெரிய பொந்தன்புளி மரத்தின் அடியில் ஊர் கூடியது. உமாஸி குளித்து, நல்ல லெஸோ கட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைத்தலையை மறைக்கவில்லை. சத்தியக்காரர் செங்காய்ப் பப்பாளியைப் பிளந்தார், மருந்து தடவினார், இரண்டு துண்டு போட்டார்.

"இந்தக் குழந்தைக்கு நான் கெடுதல் நெனைச்சிருந்தா, மரத்துல நான் துணி கட்டுனது சூனியத்துக்குன்னா, என் வாய் வீங்கட்டும்," என்று சொல்லி வாங்கித் தின்றாள். மென்றாள். விழுங்கினாள்.

அப்புறம் வெயிலில் உட்காரவைத்தார்கள். அத்தனை கண்ணும் அவள் உதட்டில். அவள் செய்யவில்லை என்று என் மனசுக்குத் தெரியும். இருந்தும் என் மனசு, ஒருவேளை, ஒருவேளை என்றது. இந்தப் பாழும் பயம் அப்படித்தான், தெரிந்ததையும் தின்றுவிடும். கூட்டத்தில் ஒருவன் "வீங்குது! பாருங்க, வீங்குது!" என்று கத்தினான். பின்னாலிருந்தவர்கள் முன்னால் தள்ளினார்கள். ஒருவன் கையில் கத்தி இருந்ததை நான் பார்த்தேன். ஓடிப்போய் அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். கீழுதட்டில் வெயிலில் வெடித்த பழைய வெடிப்பு. சத்தியக்காரர் வந்து அவள் உதட்டை விரலால் நசுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"ஒண்ணும் இல்ல," என்றார்.

கூட்டம் மூச்சு விட்டது. சிலருக்கு ஏமாற்றம் என்றும் தோன்றியது.

"இன்னொரு துண்டு இருக்கு. குத்தம் சொன்னவங்க வந்து திங்கணும். அதுதான் முறை. யாரு?" என்றார் சத்தியக்காரர்.

எல்லோருக்கும் திடீரென்று தங்கள் கால் கட்டைவிரலைப் பார்க்க வேண்டியிருந்தது. தோயா மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான். நான் அவனையே பார்த்தேன். வந்து தின்றால் அவன் வாய் வீங்கும், நான் அதை நம்புகிறேன். வரவில்லை என்றால் இந்தப் பேச்சு இன்றோடு முடியாது. இன்று வீங்காத வாய்க்கு நாளை வேறு காரணம் சொல்வார்கள். உமாஸி ஒருநாள் கயாவிலிருந்து இறங்கி வரமாட்டாள். ஒரு பக்கம் இவள், ஒரு பக்கம் அவன். இரண்டில் எதை இழந்தாலும் அதன் பிறகு எனக்கு என்ன இருக்கிறது?

எனக்குத் துணிச்சல் என்று ஒன்று எந்தக் காலத்திலும் கிடையாது. கோழி அறுக்கக்கூட பஹாதியைக் கூப்பிடுவேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. போய் அந்தத் துண்டை எடுத்தேன்.

"இந்தப் பேச்சு என் வீட்டு வாசல்லேருந்துதான் கெளம்புச்சு. அதனால நான் திங்கிறேன்." குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். "என் வயித்துல பொறந்தவன் உமாஸி மேலயோ அவ மரத்து மேலயோ கத்தி வச்சா, அவனுக்கு ஒண்ணும் ஆக வேணாம். என் வாய் வீங்கட்டும். நான் தொண்டை அடைச்சுச் சாகட்டும்."

"அம்மா! வேணாம்மா!"

மோட்டார் சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. அவன் ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். நான் வாயில் போட்டுவிட்டேன். அவன் என் தாடையைப் பிடித்து, சின்னக் குழந்தை மண்ணைத் தின்றால் தோண்டி எடுப்போமே, அப்படி விரலை விட்டுத் தோண்டினான். என் பல் அவன் விரலில் அழுந்தியது. நான் விழுங்கினேன். கசப்பு. அவன் என் காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். ஊர் பார்த்தது. அதற்கு மேல் யாரும் யாரையும் எதுவும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

உமாஸி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னைத் திட்டினாள்.

"உங்களை யாரு கேட்டா? இனிமே நான் ஒரு தடவை தடுக்கி விழுந்தாக்கூட உங்களுக்கு என்ன ஆகுமோன்னு பயப்படணுமா?"

"தடுக்கி விழறது கணக்கில்லடி. கத்திதான் கணக்கு."

"நல்ல கணக்கு!"

சத்தியத்தை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் இருக்கிறவரை அது இருக்கும். ஆண் மரம் ஒன்றை வெட்டி, செதுக்கி, கெங்காவுக்குக் கட்டை நட்டோம். அவர் கனவில் வருவது நின்றது. ஊசியும் தொடர்ந்து போட்டோம், குழந்தை தேறிவிட்டாள். எது குணப்படுத்தியது என்று நான் ஆராயவில்லை. பின்னால் இருந்த குழியை உமாஸி மூடவிடவில்லை. வெட்டிய குழி வீணாகவேண்டாம் என்று இலைதழை போட்டு மக்க வைத்து, கன்றுகளுக்கு உரம் எடுக்கிறாள். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

தோயா என்னோடு அதிகம் பேசுவதில்லை. அவளோடும் அப்படித்தான். ஆனால் அவள் கயாவிலிருந்து இறங்க நேரமானால் கத்தியை எடுத்துக்கொண்டு மேலே போவான். புதர் வெட்ட, பாம்புக்கு, மற்றவர்கள் யாராவது நின்றால் அவர்களுக்கு. அப்படித்தான் நான் நினைத்துக்கொள்ள வேண்டும். அவன் கத்தியோடு மேடேறும் ஒவ்வொரு முறையும் நான் வாசலில் உட்கார்ந்து என் உதட்டைத் தொட்டுப் பார்ப்பேன். அவன் கள் குடித்திருந்தால் இன்னும் அடிக்கடி தொடுவேன். இது எனக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது.

போன விதைக்காலத்தில் ஒருநாள். வெயில் சாயத் தொடங்கியும் உமாஸி வரவில்லை. தோயா போனான், அவனும் வரவில்லை. காலையில் அவர்கள் இருவருக்கும் கன்றுக்குத் தண்ணீர் எடுப்பதில் ஏதோ வாக்குவாதம் நடந்திருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து பறித்து வைத்த மாங்காயைக் கடித்துக்கொண்டிருந்தேன். உதட்டைத் தொட்டேன். தடித்திருந்தது.

மறுபடி தொட்டேன். எரிந்தது. கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். என் மேலுதடு ஒரு பக்கம் வீங்கி நின்றது.

எனக்கு நான் சாவேன் என்ற பயம் வரவே இல்லை. செய்துவிட்டான், செய்துவிட்டான் என்று மட்டும் ஓடியது. கத்திக்கொண்டே மேடேறினேன். முள் கிழித்தது. கயா வாசல் தாண்டினதுகூடத் தெரியவில்லை. மரங்களில் சிவப்புத் துணிகள், ஒவ்வொன்றும் எனக்கு ரத்தமாகத் தெரிந்தது. உமாஸி, உமாஸி என்று கூப்பிட்டேன். நாக்கும் தடித்துவிட்டது போல் இருந்தது, குரல் குழறியது.

வடக்கு மேட்டில் பெண்மரம் நின்றது. அதன் கீழே உமாஸியும் தோயாவும் ஒரு லெஸோவை ஆளுக்கொரு பக்கம் விரித்துப் பிடித்து நின்றார்கள். காற்றில் பஞ்சு பஞ்சாக விதை இறங்கிக்கொண்டிருந்தது. கத்தி தூரத்தில் ஒரு வேரில் குத்தி நின்றது.

"என்னக்கா, என்ன ஆச்சு?" என்றாள் உமாஸி. நான் உதட்டைக் காட்டினேன். அவள் துணியின் ஒரு முனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் முகத்தை உற்றுப் பார்த்தாள், முகர்ந்தாள்.

"மாங்கா தின்னீங்களா?"

"தின்னேன்."

"பாலைத் துடைக்காமக் கடிச்சா வீங்காம என்ன செய்யும்?"

அப்போதுதான் தோயாவைப் பார்த்தேன். அவன் என் உதட்டைப் பார்த்தான், தூரத்துக் கத்தியைப் பார்த்தான், திரும்ப என்னைப் பார்த்தான். நான் என்ன நினைத்துக்கொண்டு ஓடிவந்தேன் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. என் பிள்ளையின் முகம் அப்படி ஆனதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

துணியைச் சித்தியின் கையில் முழுதாகக் கொடுத்துவிட்டு வந்து என் முன்னால் மண்டி போட்டான்.

"செருப்பும்மா," என்றான். "கயாக்குள்ள செருப்போட வந்துட்டீங்க."

ஒரு காலைத் தூக்கிக் கழற்றினான், மற்றக் காலையும். இரண்டு செருப்பையும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தான். அவன் தோள் குலுங்கியது. நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன், எனக்கும் அடக்க முடியவில்லை.

"ரெண்டு பேரும் அழறதுன்னா அந்தப் பக்கம் தள்ளி நின்னு அழுங்க," என்றாள் உமாஸி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "விதை நனையுது."